அதுக்கு முன்னாடி என்ன வேலை?

அந்தத் தாளில் மூன்று வெற்று வரிகள் இருந்தன. முதல் வரியில் 'பெங்காவால் கெசெலாமாத்தான், 2001 முதல்' என்று, அதாவது காவலாளி என்று, மலாயில் பெரிய எழுத்தில் எழுதினேன். மற்ற இரண்டு வரிகளிலும் பேனாவைச் சாய்த்து ஒவ்வொரு கோடு கிழித்தேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்த இரண்டு கோடுகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2014 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் ஜொகூரில், மாசாய் பக்கம் ஒரு கோயில் மண்டபத்துக்குப் பின்னால் மடக்கு மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். பாசிர் கூடாங்கில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராகப் பல வருடம் இருந்தவன். வேலையை விட்ட பிறகும் இந்த மேசையை விடவில்லை. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, சேமநிதி, கெபாஜிக்கான் என்ற சமூகநல உதவிப் பணம், பிறப்புப் பத்திரம், எதுவானாலும் மக்கள் என்னிடம் வருவார்கள். "அண்ணன்கிட்ட போ, பத்து நிமிஷத்துல முடிச்சிக் குடுத்திடுவாரு" என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குப் பெருமை இருந்தது.

அன்றைக்கு வரிசையில் பதினோரு பேர். அந்தத் தாளைக் கொண்டுவந்தவர் ஏழாவதோ எட்டாவதோ. என்னைவிட வயதில் இளையவர், 56. சட்டை தோளில் தொங்கியது. நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், மூச்சு சமநிலைக்கு வரும்வரை பேசாமல் இருந்தார். கையில் பெரிய பழுப்பு உறை, எக்ஸ்ரே. அதன் மேல் மடித்து வைத்த ஒரு தாள்.

"அண்ணே, நெஞ்சுல தண்ணி கட்டியிருக்குன்னு ரெண்டு தடவ ஊசி போட்டு எடுத்தாங்க. டாக்டர் இந்தத் தாளை நிரப்பிக் கொண்டாரச் சொன்னாரு. எனக்கு மலாய்ல எழுத வராது."

வாங்கிப் பார்த்தேன். நோயாளி இதுவரை பார்த்த வேலைகள் என்னென்ன, எங்கே, எத்தனை வருடம், தூசியிலோ புகையிலோ வேலை செய்தது உண்டா என்பதுதான் கேள்வி. "இப்ப என்ன வேலை தம்பி?" என்றேன். "கார்டு வேலைண்ணே, ஒரு ஃபேக்டரில." எழுதினேன். கோடு கிழித்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகி மூலை பிரிந்திருந்தது. உள்ளே சுருட்டை முடியும் அடர்ந்த மீசையுமாக ஓர் இளைஞன் படம். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையின் நுழைவு அட்டை. "இது வேணுமாண்ணே? முந்தி அங்க இருந்தேன்." நான் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளினேன். "இவ்வளவு பழசெல்லாம் எதுக்கு தம்பி, பத்திரமா வீட்ல வையுங்க."

போகும்போது அவர் இன்னொன்று கேட்டார். "இலாட் பென்சன் கெடைக்குமாண்ணே? வேலைக்கு இனிமே போக முடியாது." உடல் முடியாமல் வேலையை விட்டவருக்குச் சொக்சோ தரும் ஓய்வூதியம் அது. நான் யோசிக்கவே இல்லை. "55 தாண்டிட்டா இலாட் கெடையாது தம்பி" என்றேன். அப்படித்தான் பல வருடம் இருந்தது, எனக்கு மனப்பாடம். ஆனால் 2013 ஜனவரி 1 முதல் அந்த வயதை 60 ஆக்கிவிட்டார்கள். ஒன்றரை வருடமாக நடப்பில் இருந்த சட்டம் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு 60 ஆக இன்னும் நான்கு வருடம் இருந்தது. 2001 முதல் மாதம் தவறாமல் சொக்சோ பிடித்திருந்தார்கள். சராசரிச் சம்பளத்தில் பாதிக்குக் குறையாத ஓய்வூதியம் கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் கெபாஜிக்கான் பாரத்தை எடுத்து நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன். அதற்கும் பத்து நிமிடம்தான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார், மகன் தாங்கிப் பிடித்துக்கொண்டு. சதைத் துண்டு எடுத்துச் சோதித்த முடிவு வந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் 'மீசோதெலியோமா' என்று இருந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "புற்றுநோய்தான், வேற பேரு" என்று மகனிடம் சொன்னேன். கடிதத்தை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, "பார்த்துச் சொல்றேன்" என்றேன். அந்த நகல் என் இழுப்பறையில் கிடந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

கடைசி மாதங்களில் அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை என்று பிறகு அறிந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேசை மேல் தலையணை வைத்து, அதில் சாய்ந்து தூங்குவாராம். 2015 மார்ச்சில் இறந்தார். இறுதிச் சடங்கில் அவர் மனைவியிடம், "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்மா" என்றேன். அவர் கைகூப்பினார். அவர் முதலில் என் மேசைக்கு வந்ததிலிருந்து ஒன்பது மாதம் அந்த வீட்டில் மகனின் சம்பளம் ஒன்றுதான். அவர் போன பிறகு, சொக்சோ கவுண்டரில் இருந்த ஒரு பெண் பார்த்துப் பார்த்துக் கேட்டு, மனைவிக்குப் பெனாகாட் என்ற குடும்ப ஓய்வூதியம் வரச் செய்தார். நான் எழுதிக் கொடுத்ததால் கிடைத்ததல்ல அது.

2019-ல் ஜொகூர் பாருவில் தொழில்சார் நோய்கள் பற்றி அரைநாள் பேச்சு ஒன்று. சங்கத்துப் பழைய ஆள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். திரையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. பேசிய மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னார். நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வரும் புற்று. பெரும்பாலும் ஒரே காரணம், அஸ்பெஸ்டாஸ் இழை. சுவாசித்து 20 முதல் 50 வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். தென்னாப்பிரிக்காவில் நீல அஸ்பெஸ்டாஸ் வெட்டும் ஊர்களில் 33 பேரைக் கண்டு வேக்னர் என்ற மருத்துவர் 1960-லேயே எழுதிவிட்டார். "இந்த நோயாளி வந்தா, இப்ப என்ன வேலைன்னு கேக்காதீங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்ன வேலைன்னு கேளுங்க" என்றார் அந்த மருத்துவர். எனக்கு அந்த மஞ்சள் பிளாஸ்டிக் உறை கண்ணுக்குள் வந்து நின்றது. தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை.

அடுத்த வாரம் இறந்தவருடைய பழைய கூட்டாளி ஒருவரைத் தேடி உலு திராமுக்குப் போனேன். அவர்தான் சொன்னார். 1979-ல் இருவரும் சேர்ந்து கோஸ்வே கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு பஸ். 'லேகிங்' வேலை. கப்பலின் என்ஜின் அறையில் நீராவிக் குழாய்களின் சூடு வெளியேறாமல் இருக்கச் சுற்றிப் பூசியிருப்பார்கள். அந்தப் பழைய பூச்சைச் சுத்தியலால் உடைத்து எடுப்பது, சாக்கில் வரும் பொடியை டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து புதிதாகப் பூசுவது. "பிசையறப்ப தூசி கம்மிண்ணே. உடைக்கிறப்பதான். லைட் வெளிச்சத்துல பார்த்தா பஞ்சு மாதிரி மின்னிக்கிட்டுப் பறக்கும். நாங்க அந்தச் சாக்கு மேலதான் உக்காந்து சாப்பிடுவோம், மெத்துனு இருக்கும்." ஏழு வருடம் அப்படி. பிறகு பாசிர் கூடாங்கில் ஆலைகளின் கொதிகலன்களுக்கு அதே வேலை, குத்தகைக்காரர் மாற்றிக் குத்தகைக்காரர், 1994 வரை. பிறகு லோரி அட்டெண்டன்ட், பிறகு கார்டு.

1986-லேயே மலேசியாவில் அஸ்பெஸ்டாஸ் வேலைக்கென்று தனி விதிமுறை வந்துவிட்டது. நீல அஸ்பெஸ்டாஸ் கூடாது, ஒரு மில்லிலிட்டர் காற்றில் ஓர் இழைக்கு மேல் இருக்கக் கூடாது, தூசியை அளக்க வேண்டும், வேலையாளுக்குப் பாதுகாப்பு உடை கொடுக்க வேண்டும். அவர் பாசிர் கூடாங்கில் குழாய் உடைத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே ஊரில், நான் கிளைச் செயலாளர். போனஸ் பேசியிருக்கிறேன், ஓவர்டைம் கணக்குப் பேசியிருக்கிறேன், கேண்டீன் சாப்பாட்டுக்குக்கூடச் சண்டை போட்டிருக்கிறேன். அந்த விதிமுறையை ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. குத்தகை ஆட்கள் எங்கள் உறுப்பினர்கள் இல்லை, அதனால் அவர்கள் தூசி எங்கள் கண்ணில் படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்க, என் பழைய நண்பரின் மகளிடம் போனேன். ஜொகூர் பாருவில் வழக்கறிஞர். ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதும் எனக்காக உட்கார்ந்தார். அவர் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், இதைப் படிக்கும் யாருக்காவது பயன்படும்.

1969-ஆம் வருடத்துச் சொக்சோ சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களும் அவை வரக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. அந்த வேலையில் இருக்கும்போதோ, அதை விட்ட 60 மாதத்துக்குள்ளோ நோய் வந்தால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று மறுக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 60 மாதம் என்றால் 5 வருடம். ஆனால் இந்த நோய்க்கு 20 வருடமாவது வேண்டும். இவருடைய 60 மாதம் 1999-லேயே முடிந்து போயிற்று, நெஞ்சில் ஒரு வலிகூட இல்லாத காலத்தில். எந்த நோய்க்கு இந்த விதி பொருந்தாதோ அந்த நோய்க்காரர்தான் நிரூபிக்கும் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி என்றும் உடனே தோன்றியது.

"அப்படின்னா போட்டும் பிரயோஜனம் இல்லையாம்மா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் ஒரு நப்பாசை இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் என் தப்பு பாதியாகிவிடும். அவர் அப்படிச் சொல்லவில்லை. "போடணும் அங்கிள். சிறப்பு மருத்துவ வாரியம்னு ஒண்ணு இருக்கு, தொழில்சார் நோய்க்குன்னே. அவங்க பார்த்து முடிவு சொல்லட்டும். மறுத்தா மேல்முறையீடு இருக்கு. அதுலயும் மறுத்தா, ஒரு மறுப்புக் கடிதமாவது ஃபைல்ல இருக்கும். இப்ப அதுவும் இல்லையே." தொழில்சார் நோய் என்று ஏற்றுக்கொண்டால், குடும்பத்துக்குப் போகும் பணத்தைத் தினச் சம்பளத்தின் 90 சதவீதத்தில் கணக்கிடுவார்கள். சாதாரண நோய் என்றால் 50-லிருந்து 65 சதவீதம். மாதா மாதம், அந்த அம்மாள் வாழும் காலம் முழுவதும் இருக்கும் வித்தியாசம் அது.

வழக்குப் போடலாமா என்றும் கேட்டேன். சொக்சோ சட்டத்தின் 31-ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்துகிறது. காப்புறுதி பெற்ற தொழிலாளி, வேலையில் வந்த பாதிப்புக்காக முதலாளியிடமோ அவருடைய வேறு ஊழியரிடமோ நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது முதலாளியையும் அவர் ஆட்களையும் பற்றி மட்டும். பொடியைச் செய்து விற்ற கம்பெனி முதலாளி அல்ல. அங்கே இன்னொரு கதவு, காலக்கெடு. 1953-ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி 6 வருடம். எப்போதிருந்து? நோய் தெரிந்த நாளிலிருந்து அல்ல, உடலுக்குள் கேடு உண்டான நாளிலிருந்து. 2018-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம் என்று ஒரு சலுகை சேர்த்தார்கள். 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அந்தச் சலுகை உடற்காயம் சம்பந்தப்பட்ட வழக்குக்குக் கிடையாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. சுவரில் விரிசல் விட்ட வீட்டுக்காரருக்கு உண்டு, நெஞ்சில் நீர் கட்டியவருக்கு இல்லை.

இங்கிலாந்தில் இதே நிலை இருந்ததாம். எஃகு வார்ப்பாலையில் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்கள் போட்ட கார்ட்லெட்ஜ் வழக்கில், நோய் இருப்பதே தெரியாத காலத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று 1963-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. சொன்ன நீதிபதிகளுக்கே அது மனம் ஒப்பவில்லை. அதே வருடம் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றிவிட்டது. பிறகு 2002-ல் ஃபேர்சைல்ட் வழக்கில், பல முதலாளிகளிடம் வேலை செய்தவருக்கு எந்த இடத்து இழை நோயைக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், அபாயத்தைக் கூட்டிய முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றார்கள். குத்தகைக்காரர் மாற்றிக் குத்தகைக்காரரிடம் வேலை செய்தவருக்கு எவ்வளவு பெரிய துணை அது. ஆனால் எங்கெங்கே இருந்தார் என்பதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். நான் இரண்டு விரலால் தள்ளியது அதைத்தான்.

இந்திய உச்ச நீதிமன்றமோ 1995 ஜனவரியில் அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், ஒவ்வொரு வேலையாளின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நாற்பது வருடம் கம்பெனி காக்க வேண்டிய காகிதத்தை இங்கே ஒரு தொழிலாளி தானே 35 வருடம் சட்டைப் பையில் காத்து என் மேசை வரைக்கும் கொண்டு வந்திருக்கிறார்.

வழக்கறிஞர் கடைசியாகச் சொன்னதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்வது. 1994-ஆம் வருடத்துத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி, நோயாளிக்கு வந்தது வேலையால் வந்த நோய் என்று மருத்துவர் நம்பினால், அவரே தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இந்த மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். மூன்று வரி இடம் விட்டுக் கேட்டிருக்கிறார். காவலாளி, வேறொன்றும் இல்லை என்று பதில் போனால் அவர் எதை நம்புவார்? இலாகாவின் கணக்கில் இறந்தவர் இல்லை. இந்த நாட்டில் அஸ்பெஸ்டாஸால் எவ்வளவு பேர் செத்தார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தால், ஓர் ஆள் குறையும். குறைத்தது என் பேனா.

இத்தோடு முடிந்திருந்தால் அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி முடியவில்லை.

2019-ல் எல்லாம் தெரிந்த பிறகு நான் அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லவில்லை. இறந்தவரின் குடும்பத்தார் வழக்குப் போட 3 வருடம்தான், அது 2018 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, இனிப் போய்ச் சொல்லி என்ன ஆகப் போகிறது, ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்மா" என்று சொன்ன முகத்தோடு அவர் வாசலில் போய் நிற்கப் பயந்தேன். ஊரில் எனக்கிருந்த பேர் போய்விடும் என்று பயந்தேன்.

அந்தப் பயத்துக்கு இன்னொருவரும் விலை கொடுத்தார். உலு திராமில் நான் பார்த்த கூட்டாளி. அன்று பேசும்போதே வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினார். அதே டிரம், அதே சாக்கு. அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், "இவர் 15 வருடம் அஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தவர்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதினால் ஏன், எப்படி என்று பேச்சு வரும், இறந்தவர் கதை வெளியே வரும். எழுதவில்லை. "உடம்பைப் பார்த்துக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். 2021-ல் அவரும் போய்விட்டார். எதனால் என்று எனக்குத் தெரியாது. யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

2024-ல் அந்த அம்மாள் வீட்டை மாற்றிக்கொண்டு மகனோடு ஸ்கூடாய்க்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். போய்விட்டால் ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. அன்று மாலையே போனேன். கூடத்தில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் இரண்டு கோடுகளையும் சொன்னேன். 55 என்று சொன்னதை, 60 என்று இருந்ததை, இழுப்பறையில் கிடந்த நகலை, ஐந்து வருடம் வாய் மூடியிருந்ததை. மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் திரும்பி வரவில்லை, நான் கிளம்பும் வரைக்கும்.

அந்த அம்மாள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து ஒரு பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். இந்த முறை கையில் எடுத்தேன். படத்துக்குக் கீழே வேலை என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'லேகர்' என்று தட்டச்சில் அடித்திருந்தது. பத்து வருடத்துக்கு முன் குனிந்து பார்த்திருந்தால் நானே படித்திருப்பேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றார். "அவரு வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் வெள்ளையா இருக்கும். வாசல்ல நின்னு நான்தான் உதறுவேன். உதறிட்டுத்தான் ஊறப் போடுவேன், இல்லாட்டி தொட்டியெல்லாம் சேறு மாதிரி ஆயிடும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த வேலைய விடற வரைக்கும் உதறியிருக்கேன். எனக்கும் வருமா?"

அப்படி உதறித் துவைத்த மனைவிமாருக்கு இந்த நோய் வந்தது உலகத்தில் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சொக்சோ பாரத்தில் அவருக்கு இடமில்லை. அவர் யாரிடமும் சம்பளத்துக்கு வேலை செய்தவரல்ல. இல்லத்தரசிகளுக்கென 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் 55 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. அவருக்கு 63.

"வரணும்னு இல்லம்மா. ஆனா வரலாம்" என்றேன். முதல் முறையாக அந்தக் குடும்பத்திடம் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆஸ்பத்திரி மருத்துவருக்கு என்று மேலே எழுதி, கல்யாணம் எந்த வருடம் என்று கேட்டேன். 1981 என்றார். எந்த வீட்டில் இருந்தீர்கள், வாரத்துக்கு எத்தனை சட்டை, துணி உலர்த்திய இடம் வீட்டுக்குள்ளா வெளியிலா, பிள்ளைகள் அப்போது பக்கத்தில் இருப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் நிதானமாக நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல எழுதினேன். அன்றைக்கு இருட்டும் வரை எழுதினோம், தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது.